எண்ணெய்க் கிணற்றுத் தொழிலும் ஐம்பொறிகளும்

(வல்லம் வடகாலில் கூடிய நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் ஒருவனை அழைத்து, எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலைப் பற்றிப் பேசுக என்று நம் காரியதரிசி அவர்கள் பணித்தது உங்களுட் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். அவர் அவ்வாறு பணித்தற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்துக் கல்வி நிதியிலிருந்து கடன் வேண்டி வரும் விண்ணப்பங்களுள், 'ரிக்' வேலைக்குரிய பயிற்சிக்கென்று வருபவை இப்போது மிகுந்துள்ளன. விண்ணப்பித்தவருள் பலர் என்னிடம் தமிழ் பயின்றவர்; தொழிற்பயிற்சி நிலையத்திலோ பாலிடெக்னிக்கிலோ தேறியவர்; இவ்வல்லம் வடகால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராய் இரண்டாண்டோ மூன்றாண்டோ உழைத்துச் சலித்தவர். "பதினான்கு நாள் வேலை, பதினான்கு நாள் ஓய்வு, சம்பளமோ இங்குள்ளதைப்போல் பன்மடங்கு" என்று யாரோ சொல்லக் கேட்டு, நகையை அடகு வைத்தேனும் அப்பயிற்சியிற் சேர்ந்துவிட வேண்டுமென்று துடிக்கின்றனர்.

அத்துடிப்பைக் குறை கூற யான் வரவில்லை. அத்தொழில் ஒருவனுடைய கண்ணையும் செவியையும் மூக்கையும் உடம்பையும் மனத்தையும் எவ்வளவு கண்டிப்பாய்க் கேட்கின்றது என்பதைப் பணங்கட்டிய பின்னரன்றி முன்னரே அவர்கள் அறிதல் வேண்டும் என்பதே என் கருத்து. பணம் வாங்கும் தரகர் இதனைச் சொல்லமாட்டார். சொன்னால் அவர் பிழைப்பு என்னாவது?

'ரிக்' என்பது யாது? திருச்செங்கோட்டிலிருந்து இந்திய நாடெங்கும் செல்லும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். வண்டியின்மேல் ஒரு கோபுரம் நிமிரும், குழாயோடு குழாய் முடுக்கிப் பூமிக்குள் இறக்குவர், காது செவிடுபட ஒலிக்கும், புழுதி பறக்கும், வாலிபர் இருவர் மூவர் அப்புழுதிக்குள் நின்று குழாய் மாற்றுவர். அதனையே பன்மடங்கு பெரிதாக்கிக் கொள்ளுங்கள். அங்கே சில நூறு அடியில் நீர். இங்கே இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டருக்குக் கீழே எண்ணெயும் எரிவாயுவும். நீர் தானே பொங்கி மேலெழுந்து தீப்பற்றுவதில்லை, இவை பற்றும். இவ்வேற்றுமை ஒன்றே அத்தொழிலின் கட்டுப்பாடுகள் அனைத்துக்கும் வேர்.

இந்தியாவில் 1889 ஆம் ஆண்டில் அசாமிலுள்ள திக்பாயில் எண்ணெய் கிடைத்தது. 1956 ஆகஸ்டு 14 அன்று எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் என்னும் ஓ.என்.ஜி.சி. அமைந்தது. 1974 இல் 'சாகர் சாம்ராட்' என்னும் துரப்பணக் கலம் மும்பைக்கு மேற்கே நடுக்கடலில் எண்ணெய் கண்டது. அதுவே பம்பாய் ஹை. நம் காவிரிப் படுகையிலும் நரிமணம், குத்தாலம், கமலாபுரம் முதலிய இடங்களிற் கிணறுகள் தோண்டப்பட்டு, நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் 1993 இல் சுத்திகரிப்பு ஆலையொன்றும் எழுந்தது. பின்னர்க் கதிராமங்கலத்திலும் நெடுவாசலிலும் 2017 இல் உழவர் எழுப்பிய எதிர்ப்பை நீங்கள் அறிவீர்கள். 2020 ஆம் ஆண்டுச் சட்டத்தால் டெல்டாப் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகி, அங்குப் புதிய எண்ணெய்த் துரப்பணம் தடுக்கப்பட்டது. உழவர் பக்கமா, எண்ணெய் பக்கமா என்னும் வழக்கை இங்கு யான் எடுக்கவில்லை. நெல் விளையும் நிலத்தின்மேல் எனக்குள்ள பற்றை என்னை அறிந்தார் அறிவர். இளைஞர் கொள்ளவேண்டுவது இதுவே: இவ்வேலை நாடுவோர் மும்பைக் கடலுக்கும், கோதாவரிக்கும், இராசத்தானத்துப் பார்மருக்கும், அசாமுக்கும், வளைகுடா நாடுகளுக்குமே பெரும்பாலும் செல்ல நேரும். வீட்டிலிருந்து கூப்பிடு தூரமன்று.

இனிப் பொறிகளுக்கு வருவோம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையாற் பகுத்தபோது, மெய்யால் உற்றறிவதை முதலாகவும், பின் சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என முறையே ஏற்றி, மனத்தை ஆறாவதாகவும் வைத்தார். யான் அம்முறையை விட்டு மருத்துவர் முறையைப் பின்பற்றிக் கண்ணிலிருந்து தொடங்குகிறேன். ஏனெனில், வாயிலிலேயே பலர் திருப்பியனுப்பப்படுவது கண்ணால்தான்.

தொலைப்பார்வை, கிட்டப்பார்வைக் குறைகளை ஓரளவுக்குக் கண்ணாடி திருத்தும். எவ்வளவு குறை பொறுக்கப்படும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனமும் வேலைக்கு வேலையும் வேறுபடும். தூரத்தை அளந்தறியும் ஆற்றலுக்கு இரு கண்ணும் ஒத்துழைக்க வேண்டும். பாரந்தூக்கியை ஓட்டுவோனுக்கு அது இன்றியமையாதது. கண்ணுக்குள் ஒட்டிக்கொள்ளும் வில்லைகளை அணிவோர் புழுதியிலும் வாயுவிலும் துன்புறுவர். இவற்றையெல்லாம் பலரும் அறிவர். அறியாதது நிறக்குருடு.

'குருடு' என்னும் சொல்லே தவறான எண்ணம் தருவது. இக்குறையுடையார் எல்லாவற்றையும் தெளிவாகக் காண்பர். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் மட்டும் தடுமாறுவர். பிறந்தது முதல் அவ்வாறே கண்டு பழகியமையால் தமக்கு ஒரு குறை உண்டென்பதே அவர்க்குத் தெரியாது. ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917 இல் இதற்கொரு சோதனை ஏட்டை வெளியிட்டார். பல நிறப் புள்ளிகளுக்கிடையே ஓர் எண் மறைந்திருக்கும். நிறம் பிரித்தறிவோன் அதனைப் படிப்பான். அல்லாதவன் வேறோர் எண்ணைச் சொல்வான், அல்லது வெறும் புள்ளிகளையே காண்பான்.

என்னிடம் படித்த ஒருவன் இதில் அகப்பட்டான். தந்தையில்லாதவன். தாய் தன் நகையையும் தங்கையின் நகையையும் அடகு வைத்து, பயிற்சி நிலையம் ஒன்றிற் பணங்கட்டினாள். நிலையத்தின் பெயர் இங்கு வேண்டா. அங்கே தீயணைக்கக் கற்றான், பாதுகாப்பு விதிகளை ஒப்புவிக்கக் கற்றான், நேர்காணலிலும் தேறினான். மருத்துவச் சோதனையில் ஏட்டின் முதற் பக்கத்துப் பன்னிரண்டைச் சரியாய்ப் படித்தான். அம்முதற் பக்கம் எல்லாரும் படிப்பதற்கென்றே அமைந்தது. அடுத்த பக்கத்தில் நின்றான், அதற்கடுத்ததிலும் நின்றான். இருபத்திரண்டு வயது வரை அவன் கண்ணைப் பற்றி அவனே அறியாத செய்தியை ஒரு நிமிடத்தில் அவ்வேடு சொல்லிற்று. அந்நிமிடம் பணங்கட்டுவதற்கு முன் வந்திருக்கலாகாதா? கட்டிய பணத்தைக் கேட்டதற்கு, "பயிற்சிக்குத்தான் பணம், வேலைக்கு அன்று" என்று விடை வந்தது. நகை இன்னும் மீளவில்லை.

கண்ணின் இவ்வொரு குறைக்காக ஓர் ஆளை ஒதுக்குவது கொடுமையன்றோ எனின், ரிக்கினுள் நிறம் என்ன பணி செய்கிறதென்று பாருங்கள். துரப்பணம் நடத்துவோன் முன்னுள்ள திரையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, அபாய விளக்குகளில் நிறம், வாயு உருளைகளுக்கு நிறம், மின்கம்பிகளுக்கு நிறம், எதில் நீர், எதில் தீயணைக்கும் பொருள் என்று குழாய்களுக்கும் நிறம். நள்ளிரவில் புகைக்கிடையே ஒருவன் அதனைப் பிரித்தறியாவிடின், அவனோடு உண்டு உறங்கிய அனைவர்க்கும் கேடு. ஆதலின் இஷிஹாரா ஏட்டின் விடைகளை மனப்பாடஞ் செய்து தேறிவிடலாம் என்று சொல்லிக் கொடுப்போரை நம்பற்க. 'நிறக்குருடு தீர்க்கும் கண்ணாடி' என்று விற்பனையாகும் கண்ணாடிகளும் குறையைத் தீர்ப்பன அல்ல. நிறங்களின் வேறுபாட்டைச் சிலர்க்குச் சற்று மிகுத்துக் காட்டும், அவ்வளவே.

தாய்மார்கள் இங்கு நிறைய வந்திருத்தலின் ஒன்று சொல்லல் வேண்டும். இக்குறை தாய்வழியே ஆண்மகவை அடைகிறது. தந்தை தன் மகனுக்கு இதனைக் கொடுப்பதில்லை. நிறம் பிரித்தறியாத ஒருவன் தன் மகள் ஒவ்வொருத்தியிடமும் இதன் கூற்றை ஒப்புவிக்கிறான். அம்மகளுக்குக் குறை பெரும்பாலும் வெளிப்படாது. ஆனால் அவள் பெறும் ஒவ்வோர் ஆண்மகவுக்கும் அது வெளிப்படச் சரிபாதி வாய்ப்புண்டு. பாட்டனார் கண் பேரனுக்கு வருகின்றது என்க. தாய்மாமனுக்கு இருப்பின் மருகனையும் சோதிக்க வேண்டும். நம் குடும்பங்களில் அக்காள் மகளைக் கொள்ளும் வழக்கம் உண்டு. குறையுள்ள மாமன், அக்கூற்றைச் சுமந்திருக்கும் அக்காள் மகளை மணந்தால், பொதுவாய் இக்குறைக்குத் தப்பும் பெண்குழந்தைக்கும் அது வெளிப்படக்கூடும். இதனால் யாரையும் இழித்துரைக்க வேண்டா. அணுக்கொள்கையால் உலகப் புகழ்பெற்ற ஜான் டால்டன் இக்குறையுடையவரே. தம் கண்ணைத் தாமே ஆராய்ந்து 1794 இல் அதனை அறிஞர் கழகத்தில் எடுத்துரைத்தவர். நிறச் சோதனையொன்றைப் பற்றிய மட்டில், நம் பெண்மக்கள் ஆடவரினும் எளிதாகத் தேறுவர் என்பதையும் இங்குள்ள தந்தையர் நினைவிற் கொள்க.

செவிக்கு வருவோம். இஃது இவ்வூர் இளைஞர்க்கு மிகவும் வேண்டிய பகுதி. பிரஸ் ஷாப் எனப்படும் தகடு அழுத்தும் கூடத்திலும், இரும்பை அடித்து வடிக்கும் கூடத்திலும் வேலை செய்தவர் கை தூக்குக என்றால் இம்மண்டபத்திற் பல கைகள் எழும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் ஒலி எல்லை என்று ஒலியாராய்ச்சியார் வகுத்தனர். அதன்மேல் மூன்று டெசிபல் ஏறும்தோறும் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும்: 88 க்கு நான்கு மணி, 91 க்கு இரண்டு மணி. இதனைக் கடந்து நாள்தோறும் கேட்ட செவி, வலியின்றியே சிறுகச் சிறுகத் தேயும், தேய்ந்தது மீளாது.

தேய்வது எவ்வாறு என்பதில்தான் எனக்குத் தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு வியப்பு. பேரொலியாற் கெடும் செவி முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளை. நம் எழுத்துக்களுள் உயிர் தாழ்ந்த சுருதியில் வலிமையோடு ஒலிப்பது, மெல்லினமும் அத்தகையதே. க், ச், ட், த், ப் என்னும் வல்லின மெய்களோ நொடியில் வெடித்து மறையும் உயர்சுருதி ஒலிகளால் அடையாளம் பெறுபவை. ஆகவே செவி தேய்ந்தவனுக்கு உயிர் கேட்கும், மெய் கேளாது. 'பத்து' என்றாலும் 'பட்டு' என்றாலும் அவனுக்கு ஒன்றே. "பேசுவது கேட்கிறது, என்ன பேசினார் என்பது விளங்கவில்லை" என்பான். வீட்டார் அவனுக்கு அக்கறையில்லை என்று சினப்பர்.

இத்தகைய செவியோடு ரிக்கில் ஏறுவோனை எண்ணிப் பாருங்கள். அங்கே பாரந்தூக்கி ஓட்டுவோனுக்குக் கையசைவாற் குறி காட்டுவதே வழக்கு. ஒலியின் மிகுதியால் செவியின் வேலையைக் கண் ஏற்றுக்கொள்கிறது. என்றாலும், அபாயச் சங்கு, வானொலிக் கருவியில் வரும் கட்டளை, பம்பின் ஓசையில் தோன்றும் சிறு மாறுபாடு ஆகியவை செவிக்கே உரியன. மருத்துவச் சோதனையில் ஆடியோகிராம் என்னும் படம் எடுப்பர். பேரொலியாற் கெட்ட செவியில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் சுருதியை ஒட்டி அப்படத்தின் கோடு பள்ளம் விழுந்தாற்போல் இறங்கும்; மருத்துவர் அப்பள்ளத்தைக் கண்டதும் ஒலிமிக்க வேலையிற் பழகியதைக் கேட்டறிவார். இவ்வூர்த் தொழிற்சாலையில் ஈராண்டு சேர்த்த பணத்தோடு பயிற்சிக்குச் செல்வோன், அந்த ஈராண்டிலேயே பயிற்சிக்கு வேண்டிய செவியைச் செலவழித்திருக்கக் கூடும். ஆதலின் இன்றே செவியடைப்பான் அணிக. பொழுது முழுதும் காதில் பாட்டுக் கருவியைச் செருகி உரக்கக் கேட்கும் பிள்ளைகளுக்கு யான் தனியாகச் சொல்லவேண்டுவதில்லை. வகுப்பிற் சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்தது.

மூக்கு வேறொரு வகை. கண்ணும் செவியும் குறைந்தாற் கேடு. மூக்கை நம்பினாற் கேடு. 'நாற்றம்' என்னும் சொல் பண்டு நறுமணத்துக்கும் உரியதாயிருந்தது. இன்று தீநாற்றத்தை மட்டும் குறிக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவின் நாற்றம் அழுகிய முட்டையின் நாற்றம். சில எண்ணெய்க் கிணறுகளில் இஃது எழும். காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கினும் குறைவாயிருக்கும்போதே மூக்கு இதனை அறியும். நூறு பங்கை எட்டியதும் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு நிற்கவில்லை. "நாற்றம் போயிற்று, இனி அச்சமில்லை" என்று எண்ணியவன் அங்கேயே வீழ்வான். ஆயிரம் பங்கில் ஓரிரு மூச்சே போதும் உயிர் போக. காற்றினும் கனமானது ஆதலின் பள்ளங்களிலும் தொட்டிகளிலும் தங்கும். 2003 டிசம்பர் 23 இரவு, சீன தேசத்துச் சோங்சிங் பகுதியிலே எரிவாயுக் கிணறொன்று பீறிட்டு, இவ்வாயு சூழ்ந்த ஊர்களிற் பரவி 243 பேர் மாண்டனர்.

சீனம் வரை போவானேன்? கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய ஒருவன் வீழ, அவனைத் தூக்க இறங்கிய தம்பி வீழ, அவனைத் தூக்க இறங்கிய மூன்றாமவனும் வீழ்ந்தான் என்று நம் செய்தித்தாள்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! அங்கே கொல்வதும் பெரும்பாலும் இவ்வாயுவே. எரிவாயுவின் முதற்கூறாகிய மீத்தேனுக்கோ நாற்றமே இல்லை. நம் அடுக்களைச் சிலிண்டரின் நாற்றம், கசிவை அறிதற்பொருட்டு வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட வேறொரு பொருளினது. ஆகவே ரிக்கில் மூக்குக்கு மேலாக மார்பில் ஒரு கருவியை அணிவிக்கின்றனர். அக்கருவி அலறினால், மூக்கு என்ன சொன்னாலும் முகமூடியை அணிந்து காற்று வரும் திசைக்கு எதிராக மேட்டை நோக்கி ஓடவேண்டும். கொரோனாக் காலத்தில் முகரும் ஆற்றல் இழந்து இன்னும் முழுதும் பெறாதவர் மருத்துவரிடம் அதனை மறையாது சொல்க. புகை நாற்றத்தை அறிவதற்கேனும் அது வேண்டும்.

அம்முகமூடி முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தல் வேண்டும். தாடி இருப்பின் பொருந்தாது. மயிரிடையே வாயு நுழையும். பழனிக்கு நேர்ந்துகொண்டு தாடி வளர்ப்போர் பணி முடிந்து கரைக்கு வந்தபின் வேண்டுதலை வைத்துக்கொள்க. முருகன் பொறுப்பான், வாயு பொறாது. அவ்வாறே கைவிரல் மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு, கழுத்துச் சங்கிலி அனைத்தையும் கழற்றியே சுழலும் எந்திரத்தின் அருகே செல்லவேண்டும். மோதிரம் கொக்கியில் மாட்டினால் விரலின் தோலும் தசையும் உறைபோலக் கழன்று வரும். தாய் கட்டிய காப்பாயினும் அங்கே அது காப்பன்று.

உடல்வலிமையைப் பற்றி இளைஞர் எண்ணுவது வேறு, உண்மை வேறு. பளுதூக்கும் கூடத்தில் தோளைத் திரட்டினால் போதும் என்று நினைக்கின்றனர். துரப்பணக் குழாய் ஒன்று ஏறத்தாழ 31 அடி நீளம். ஐந்தங்குலக் குழாயின் நிறை கால் டன்னுக்கு மேல். அதனை எந்திரம் தூக்கும்; மனிதன் பிடித்து வழிகாட்டிப் பூட்டுவான். நூற்றுக்கணக்கான குழாய்களை வெளியே எடுத்து மீண்டும் இறக்கும் நாளில், பன்னிரண்டு மணி நேரம், சேறும் எண்ணெயும் வழுக்கும் தட்டில், முழங்காலும் முதுகும் மணிக்கட்டும் சோராது நிற்க வேண்டும். மூன்று குழாய் சேர்ந்த தொண்ணூறடித் தொடரை உச்சியிற் பிடித்து அடுக்குபவன், 'மங்க்கி போர்டு' என்னும் தட்டில் எண்பது தொண்ணூறு அடி உயரத்தில் இடுப்பிற் கச்சை மாட்டி நிற்பான். அவனுக்குத் தோளினும் உட்செவி முக்கியம்; உடல் சாயாது நிறுத்தும் துலாக்கோல் அங்கேதான் இருக்கிறது. தலைசுற்றல் உடையவனும், உயரங்கண்டால் உள்ளங்கால் கூசுபவனும் அவ்வேலைக்கு ஆகார். இப்பொழுது புதிய ரிக்குகளில் குழாய் பூட்டும் எந்திரக் கைகளும், நாற்காலியிலிருந்தே எல்லாம் நடத்தும் திரைகளும் வந்துவிட்டன. அதனால் தோளின் சுமை குறைந்து, கண்ணின் சுமையும் மனத்தின் சுமையும் ஏறியிருக்கின்றன.

நிறை மிகுதியும் ஒரு தடை. 2025 இல் பிரிட்டனின் கடல் எண்ணெய்த் துறையார், கடலுக்குச் செல்வோர் உடையோடு 124.7 கிலோவுக்கு மேற்படலாகாது என்று ஒரு விதியை அறிவித்தனர். அக்கணக்கு எப்படி வந்தது? ஹெலிகாப்டரிலிருந்து இறங்கும் மீட்புக் கயிறு தாங்குவது 249 கிலோ. மீட்போன் 90.3, தூக்குப்படுக்கை 29, கருவிகள் 5. எஞ்சியது 124.7. மனிதனைத் தூக்க இயலுமா என்பதே அங்கே கேள்வி. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையோரை மருத்துவர் நுணுகி நோக்குவதும் இதுபற்றியே. நடுக்கடலில் மயங்கி வீழ்ந்தால் அடுத்த தெருவில் ஆஸ்பத்திரி இல்லை. சொத்தைப் பல்லைக்கூடக் கரையிலேயே கவனித்துவிட வேண்டும்.

கடல் ரிக்குக்குச் செல்வோர் ஹெலிகாப்டரிற் செல்வர். அது நீரில் வீழ்ந்தால் கவிழும் இயல்பினது. எந்திரத்தின் பாரம் மேலே இருப்பதே காரணம். ஆதலின், கூண்டு ஒன்றில் கச்சையாற் பிணித்து அமர்த்தி, குளத்தில் அமிழ்த்தித் தலைகீழாய்க் கவிழ்த்து, மூச்சடக்கிச் சன்னல் வழியே வெளிவரப் பழக்குகின்றனர். கோவாவில் பேத்துல் என்னுமிடத்திலுள்ள ஓ.என்.ஜி.சி. பாதுகாப்புப் பயிற்சி நிலையத்தில் இப்பயிற்சி உண்டு. இது வீண் சடங்கன்று. 2022 ஜூன் 28 அன்று, மும்பைக் கடலில் 'சாகர் கிரண்' ரிக்கின் அருகே ஒன்பது பேரோடு ஒரு ஹெலிகாப்டர் நீரில் இறங்கிற்று. ஐவர் பிழைத்தனர், நால்வர் மாண்டனர். 2021 மே 17 அன்று டவ்தே புயலில், தொழிலாளர் தங்கியிருந்த 'பி-305' என்னும் மிதவை அதே கடலில் மூழ்கியபோது, உயிர்க்காப்பு உடையோடு பல மணி நேரம் அலையில் மிதந்தே பலர் மீண்டனர். எழுபதின்மர்க்கு மேற்பட்டோர் மீளவில்லை. ஏரிகள் சூழ்ந்த இந்நாட்டில் நம் பாட்டனார் அனைவரும் நீந்துவர். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் நீந்துவர் என்று எண்ணுங்கால் எனக்கு வருத்தமே மிகுகிறது. காது ஜவ்வில் துளையுள்ளவரும், அடைத்த இடத்தில் மூச்சு முட்டுவதுபோல் அஞ்சுபவரும் இதனை முன்னரே மருத்துவரிடம் கூறல் வேண்டும்.

ஆறாவதாகிய மனத்துக்கு வந்தோம். கிணற்றினுள் வாயு நுழையத் தொடங்கினால் முதற்குறி மிகச் சிறியது. உள்ளே செலுத்திய சேற்றைவிடத் திரும்பி வரும் சேறு சற்று மிகும். தொட்டியின் மட்டம் சிறிதே உயரும். பம்பை நிறுத்தியும் ஒழுக்கு நில்லாது. அதிகாலை மூன்று மணிக்கு, பத்து மணி நேரம் விழித்த கண்ணோடு, அச்சிறு உயர்வைக் கண்டு அதன் பொருளை உணர்வதே அங்குள்ள தலையாய திறமை. 2010 ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்னும் ரிக்கிலே, கிணறு நன்கு அடைபட்டதா என்று சோதித்தனர். குழாயில் அழுத்தம் ஒன்றுமில்லாதிருத்தல் வேண்டும்; கருவியோ 1,400 பவுண்டு அழுத்தம் காட்டிற்று. அனைவரும் கண்டனர். கண் பழுதில்லை; கருவியும் பழுதில்லை. அதற்கு ஏதோ ஒரு காரணங்கூறித் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு மேலே சென்றனர். அன்றிரவே கிணறு பீறிட்டுப் பதினொருவர் மாண்டனர். மேலாளுக்கு முன்னால் "இது சரியில்லை, நிறுத்துங்கள்" என்று சொல்லும் நா அத்தொழிலுக்கு வேண்டும். பெரியோர் முன் வாய்திறவாமையே அடக்கம் என்று நம் பிள்ளைகளை வளர்க்கிறோம்; அவ்வடக்கம் அவ்விடத்துக்கு ஆகாது. இதனையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க.

நிற்க. சங்கத்தார்க்கு யான் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்று. ரிக் பயிற்சிக்குக் கல்வி நிதியிலிருந்து கடன் வழங்குமுன், கண் மருத்துவர் தந்த நிறச் சோதனைச் சான்றும், ஆடியோகிராமும், பொது உடற்சோதனைச் சான்றும் விண்ணப்பத்தோடு இணைக்கப்படல் வேண்டும் என்று ஒரு விதி செய்க. காஞ்சிபுரத்துத் தலைமை மருத்துவமனைக்கு ஒரு நாள் சென்று வருதல், பயிற்சிக் கட்டணத்தை நோக்க ஒரு செலவே அன்று. நிறச் சோதனையில் தேறாதவனுக்கு அதே நிதியிலிருந்து வேறு படிப்புக்குக் கடன் தடையின்றிக் கிடைக்குமாறும் விதியில் ஒரு வரி சேர்க்க. தேறவில்லை என்பதை ஊராரிடம் மறைக்க வேண்டிய நிலை அவனுக்கு வரலாகாது.

விண்ணப்பம் எழுத இருக்கும் பிள்ளைகள் இன்றிரவே வீட்டில் தாயாரிடம் ஒன்று கேட்டுக்கொள்க: தாய்வழிப் பாட்டனாரோ தாய்மாமனோ, செடியில் இலைக்கிடையே பழுத்த மிளகாயைக் கண்டு பறிப்பதில் தடுமாறியதுண்டா? உண்டு என்று அவர் சொன்னால் முதலிற் கண் மருத்துவரிடம் செல்க. பின்னர் விண்ணப்பத்தோடு என்னிடம் வருக. ஞாயிறுதோறும் காலையில் யான் வீட்டிலிருப்பேன்.